அது மஞ்சப்பை இல்லண்ணே

கேள்வி: வட்டக் கணக்குல வர்ற பை முடியவே முடியாதாமே, அப்படின்னா என் ஃபோன் நம்பர், ஆதார் நம்பர், எங்க அக்கா கல்யாணத்து மொய் நோட்டு முழுசும் வரிசை மாறாம அதுக்குள்ள எங்கயாவது இருந்தே ஆகணும்ங்கிறேன் நான். "போடா, பைன்னா 22/7, வகுத்தா 142857தான் திரும்பத் திரும்ப வரும்"ங்கிறான் மாப்ள. 100 ரூபா பந்தயம், பணம் டீக்கடை அண்ணன்கிட்ட இருக்கு. யாருக்குங்க?
- செல்லூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு டீக்கடை அண்ணனுக்குத்தான்.

மொதல்ல மாப்ள. 22/7ங்கிறது பை வேஷம் கட்டுன பின்னம். அது 3.14285, பை 3.14159, புள்ளிக்குப் பின்னாடி மூணாவது இலக்கத்துலயே வேஷம் கலைஞ்சு போச்சு. பை இதைவிட கம்மிதான்னு ஆர்க்கிமிடிஸ் 2,200 வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். நம்ம கணக்கு புக்குலயும் "22/7 எனக் கொள்க"ன்னுதான் போட்டிருக்கும், அந்த "எனக் கொள்க"வ யாரு படிக்கிறா? எந்த ரெண்டு முழு எண்ணை வகுத்தாலும் பை வராதுன்னு லாம்பர்ட்ங்கிற கணக்குக்காரர் நிரூபிச்சது 1761ல. விகிதமுறா எண்ணுன்னா அம்புட்டுதான் அர்த்தம், முறைகெட்ட எண்ணுன்னு இல்ல.

இப்ப உங்க கிட்ட வர்றேன். முடியாதுங்கிறதுக்காக எல்லாமே உள்ள இருக்கணும்னு யாருண்ணே சொன்னா? ஒரு இட்லிய மூணு பேருக்குப் பங்கு வைங்க, 0.3333ன்னு போய்ட்டே இருக்கும், முடியாது, ஆனா கடைசி வரைக்கும் 3 தவிர ஒண்ணும் கிடைக்காது. அது திரும்பத் திரும்ப வர்ற கேஸு, பை அப்படி இல்லையேம்பீங்க. சரி, 0.101001000100001ன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு சைபர் கூட்டிக்கிட்டே எழுதுங்க. முடியாது, ஒரே பாட்டா சுத்தாது, சுத்தமான விகிதமுறா எண்ணு, ஆனா உங்க ஃபோன் நம்பர்ல ஒரு 9 இருந்துச்சுன்னா அதுல தேடி பிரயோஜனமே இல்ல. மதுரை சித்திரைத் திருவிழா எதிர்சேவை அன்னிக்கு விடிய விடிய கூட்டம் வந்துக்கிட்டே இருக்குங்கிறதால உங்க சிங்கப்பூர் சித்தப்பாவும் அதுல வந்தே தீரணும்னு இருக்கா என்ன?

பையில எல்லா இலக்கமும் எல்லா வரிசையும் சமமா கலந்து கெடக்கும்னுதான் கணக்குக்காரங்க நெனைக்கிறாங்க, எண்ணிப் பாத்தவரைக்கும் அப்படித்தான் தெரியுது, ஆனா நிரூபணம் இன்னிக்கு வரைக்கும் வரல.

ஃபோன் நம்பர் விசயத்துல உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். அது 10 இலக்கந்தான், கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சு வச்சிருக்கிற பை இலக்கமோ 200 லட்சம் கோடியத் தாண்டிருச்சு, அதனால பெரும்பாலும் சிக்கிரும். ஆனா சிக்கி என்ன செய்ய? 0123456789ங்கிற வரிசை மொதமொதல்ல எங்க வருதுன்னு 1997ல ஜப்பான்ல யசுமாசா கனடா (நாடு இல்லங்க, ஆளு) கம்ப்யூட்டர் கணக்குல தெரிஞ்சது, 1,738 கோடியே 75 லட்சத்து 94 ஆயிரத்து 880வது எடத்துல. எண்ணிப் பாருங்க, நம்பரு 10 இலக்கம், அது இருக்கிற விலாசம் 11 இலக்கம்! நம்பர மறக்காம இருக்க அதைவிட நீளமான விலாசத்த மனப்பாடம் பண்ணணும். மதுரை மாட்டுத்தாவணில எறங்கி, ஆரப்பாளையத்துல இருக்கிற வீட்டுக்கு திண்டுக்கல் வழியா போன கதைதான். ஆதார் நம்பர் பத்திப் பயமும் வேணாம், எல்லார் நம்பரும் கலந்து கெடக்குற எடத்துல எது உங்களுதுன்னு எவனுக்குத் தெரியும்?

மொய் நோட்டு கதைதான் கஷ்டம். நூத்துக்கணக்கான பேரு, தொகை, ஊரு எல்லாம் நம்பரா வரிசை மாறாம வேணும்னா, இருக்குன்னு சொல்லவும் நிரூபணம் இல்ல, இல்லன்னு சொல்லவும் இல்ல. நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல, "இருந்தே ஆகணும்"னு அடிச்சு சொன்னீங்கள்ல, அதான் தப்பு.

ஃபோன் நம்பருக்கு 50 ரூபா வாங்கிக்கங்க. மொய் நோட்டு கேசு வாய்தா. மிச்ச 50 அண்ணன்கிட்டயே கெடக்கட்டும், மாப்ள மட்டும் ரெண்டு பேருக்கும் டீ வாங்கித் தரணும், 22/7 சொன்னதுக்கு அபராதம்.