கமினோ தே சந்தியாகோ: பதினைந்து நாள் லீவில் நடப்பதா, சைக்கிளா?

கேள்வி இதுதான்: “ஸ்பெயினில் இருக்கும் கமினோ தே சந்தியாகோ யாத்திரை போக ரொம்ப நாளாக ஆசை. முழு வழியும் நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். எனக்குப் பதினைந்து, பதினாறு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. சைக்கிளில் முழு வழியையும் முடித்துவிடலாமா, இல்லை கொஞ்ச தூரமாவது நடப்பதுதான் நல்லதா?”

நடங்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் முடியும் என்றாலும் நடந்தே போங்கள். நான் பிரான்ஸ் எல்லையில் தொடங்கி முழு வழியும் நடந்தவள். என் அண்ணன் மகன் அதே வழியில் ஒரு பகுதியைச் சைக்கிளில் போய் வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதைத்தான் சொல்கிறேன்.

முதலில் வழியைப் பற்றிக் கொஞ்சம், தெரியாதவர்களுக்காக. தங்கச்சிமடம் பக்கம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோவிலுக்குப் போனவர்களுக்கு இந்தச் சந்தியாகோவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, நம் சந்தியாகப்பர்தான். இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர், செபதேயுவின் மகன், யோவானின் சகோதரர். அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது என்பது அங்குள்ள மரபு. அங்கே எழுந்த நகரம்தான் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா. அந்தக் கல்லறைக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் பாதைகள் உண்டு. அதிகம் பேர் போவது ‘பிரெஞ்சு வழி’. பைரனீஸ் மலையடிவாரத்தில், பிரான்ஸில் இருக்கும் சான் ஜான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி ஏறக்குறைய 780 கிலோமீட்டர். 1986இல் இந்த யாத்திரையை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. 2024இல் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர்.

சரி, ஏன் நடக்கச் சொல்கிறேன்? இந்த வழி காலுக்காகக் கட்டப்பட்ட வழி. பாலம், சத்திரம், கோவில், ஊர் எல்லாமே ஒரு மனிதன் நடந்தால் எங்கே களைப்பான், எங்கே தண்ணீர் தேடுவான், எந்த ஆற்றங்கரையில் மாட்டிக்கொள்வான் என்று பார்த்துப் பார்த்து வைத்தவை. லா ரியோகா பகுதியில் சாந்தோ தோமிங்கோ தே லா கல்சாதா என்று ஓர் ஊர் வரும். 11ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தோமிங்கோ, துறவியாகச் சேர மடங்களைக் கேட்டார். சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஆற்றோரக் காட்டில் தனியாகக் குடியேறினார். அந்தப் பக்கம் யாத்திரிகர்கள் படும் பாட்டைப் பார்த்துக் காட்டை வெட்டிப் பாதை போட்டார், ஓஹா ஆற்றின் மேல் பாலம் கட்டினார், தங்க ஒரு சத்திரம் கட்டினார். 1109இல் இறந்தார். அவரைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. அவருடைய சீடர் ஹுவான் தே ஓர்தேகாவும் அதே வேலையைத் தொடர்ந்தார். புவெந்தே லா ரெய்னாவில் இருக்கும் கல்பாலமும் 11ஆம் நூற்றாண்டுதான். ஆறு வளைவுகளோடு இன்றும் உறுதியாக நிற்கிறது, யாத்திரிகர்கள் அதன்மேல்தான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

புர்கோஸ் நகரத்தைத் தாண்டினால் மெசெத்தா என்கிற பீடபூமி. கோதுமை வயலும் வானமும்தான். மரம் அபூர்வம். “அங்கே ஒன்றுமில்லை, பஸ் பிடித்து லெயோன் போய்விடுங்கள்” என்று பலர் சொல்வார்கள். எனக்கு இந்த யாத்திரையின் உயிர் அங்கேதான் இருந்தது. காஸ்த்ரோஹெரிஸ் ஊருக்குச் சற்று முன்னால் சான் அன்தோன் என்று ஒரு மடத்தின் இடிபாடு வரும். கூரை போய்விட்டது. சாலை அதன் பெரிய கல் வளைவுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. கெட்டுப்போன ‘ரை’ என்ற தானியத்தின் மாவு ரொட்டி தின்று கை கால் எரிந்து அழுகும் நோய் ஒன்று அந்தக் கால ஐரோப்பாவில் ஆட்டிப்படைத்தது. அந்த நோயாளிகளைப் பராமரிக்கவே இருந்த சபையின் மருத்துவமனை இது. வளைவின் சுவரில் இரண்டு மாடங்கள் இருக்கின்றன. இரவு கதவு அடைத்த பிறகு வந்து சேரும் யாத்திரிகனுக்காக அதில் ரொட்டி வைத்துவிடுவார்களாம். நான் அந்த மாடத்தில் கைவிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு சீட்டில் எதையோ எழுதி, கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். படிக்காமல் வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்து, பிசுவேர்கா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் தனியாக நிற்கும் சான் நிக்கோலாஸ் என்ற சின்னக் கோவில். இத்தாலியிலிருந்து வரும் தன்னார்வலர்கள் அதை யாத்திரிகர் விடுதியாக நடத்துகிறார்கள். கட்டில்கள் பத்துப் பன்னிரண்டுதான். கோவிலுக்குள் மின்விளக்கு கிடையாது, மெழுகுவர்த்திதான். சாயங்காலம் எங்களைப் பீடத்துக்கு அருகில் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தோளில் சிப்பி தைத்த கறுப்புக் குறுமேலாடை போட்ட ஒரு பெரியவர் ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, ஒரு பாதத்தைத் தாம்பாளத்தின் மேல் பிடித்து, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். என் காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. பிளாஸ்திரியைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் விட்டார். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கைச் சின்ன வயதிலிருந்து எங்கள் பங்குக் கோவிலில் பார்த்து வளர்ந்தவள் நான். அது என் காலுக்கே நடந்தபோது அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த கொரியாக்காரர் கிறிஸ்தவரே இல்லை. அவரும் அழுதார்.

இதைத்தான் சைக்கிளில் இழப்பீர்கள். என் அண்ணன் மகன் அந்தக் கோவிலைத் தாண்டிப்போனான். கதவு திறந்திருப்பதைப் பார்த்தானாம். ஆனால் மணி பதினொன்று, அன்றைக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பாக்கி. அவன் மேல் தப்பில்லை, சைக்கிளின் நாள்கணக்கு அப்படி. நடப்பவன் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்காரும் இடத்தில்தான் ஆட்கள் வருகிறார்கள். தினமும் ஏறக்குறைய ஒரே தூரம் நடப்பதால் காலையில் பார்த்த முகத்தையே சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பார்ப்பீர்கள். ஒரு வாரத்தில் அவர்கள் உறவாகிவிடுவார்கள். சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு இரவும் புது முகங்கள்.

இன்னொன்று, அல்பெர்கே எனப்படும் யாத்திரிகர் விடுதிகள் பலவற்றில், குறிப்பாகப் பொது விடுதிகளிலும் கோவில் விடுதிகளிலும், நடந்து வருபவர்களுக்குத்தான் முதலிடம். சைக்கிள்காரர் மாலை வரை காத்திருந்து மிச்சக் கட்டில் இருந்தால் வாங்க வேண்டும். அந்த விடுதிகளை விட்டுவிட்டு ஹோட்டலில் தங்கினால் இந்தப் பயணத்தின் பாதி போய்விடும். கர்ரியோன் தே லோஸ் கோந்தெஸ் ஊரில் அகஸ்தீன் சபைக் கன்னியர் நடத்தும் விடுதி ஒன்று உண்டு. சாயங்காலம் கிதாரோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். நான் ஒரு மாதா பாட்டுப் பாடினேன். கிரான்யோன் என்ற ஊரில் கோவில் மணிக்கூண்டிலேயே தரையில் மெத்தை விரித்துத் தூங்கலாம். கட்டணம் கிடையாது, விரும்பியதை உண்டியலில் போடலாம்.

வேளாங்கண்ணிக்கு நடந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஆகஸ்டு கடைசியில் காவி கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் மோரும் பிஸ்கட்டும் நீட்டுவார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். நானும் எங்கள் பங்கிலிருந்து அப்படிப் போனவள்தான். ஆனால் அங்கே சப்பரத்தோடும் பாட்டோடும் கூட்டமாகப் போகிறோம், சமைக்க ஆள் உண்டு, துணிமூட்டை வண்டியில் வரும். கமினோவில் காலையில் நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்ப வேண்டும். முதல் இரண்டு நாள் எனக்கு அது பெரிய பயமாக இருந்தது. வழி தவறும் பயம் மட்டும் வேண்டாம். கல்லிலும் சுவரிலும் மரத்திலும் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். ஓ செப்ரெய்ரோ மலைக் கிராமத்துப் பங்குத்தந்தை எலியாஸ் வாலின்யா 1980களில் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு ஊர் ஊராகப் போய்த் தொடங்கிவைத்த வேலை அது. யாருமே நடக்காமல் கிடந்த வழியை ஒரு கிராமத்துச் சாமியார் தூக்கி நிறுத்தினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அவர் 1989இல் இறந்தார். அவருடைய மார்பளவுச் சிலை அந்தக் கோவில் வாசலில் இருக்கிறது.

சைக்கிளே கூடாது என்று சொல்லவில்லை. முட்டி தேய்ந்து நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள் உண்டு, சைக்கிளே தன் பிரார்த்தனை என்பவர்களும் உண்டு. அவர்கள் தாராளமாகப் போகலாம். பழகிய கால் என்றால் முழு வழிக்கு இரண்டு வாரம் போதும். சான்றிதழுக்கு நடப்பவர் குறைந்தது 100 கிலோமீட்டர், சைக்கிளில் போகிறவர் 200 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: இரும்புச் சிலுவைக் குன்றிலிருந்து மோலினாசேகாவுக்கு இறங்கும் பாதை செங்குத்து, உடைந்த கல் வேறு. வழியில் அசேபோ ஊர் எல்லையில் இறந்துபோன ஒரு சைக்கிள் யாத்திரிகருக்குச் சைக்கிள் உருவத்திலேயே நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் தார்ச்சாலையிலேயே வாருங்கள், பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பதினைந்து நாளுக்கு வருவோம். எல்லாரும் சாரியாவில் தொடங்கச் சொல்வார்கள், சான்றிதழுக்குத் தேவையான 100 கிலோமீட்டர் அங்கிருந்து கிடைத்துவிடும் என்பதால். நீங்கள் அஸ்தோர்காவில் தொடங்குங்கள். அங்கிருந்து சந்தியாகோ ஏறக்குறைய 260 கிலோமீட்டர், பன்னிரண்டு பதின்மூன்று நாள். மாட்ரிட்டில் இறங்கி பஸ்ஸிலோ ரயிலிலோ வந்துவிடலாம். முதல் இரவு ரபனாலில் தங்கினால் பெனடிக்ட் சபைத் துறவிகள் பாடும் மாலைச் செபம் கேட்கலாம். மறுநாள் இரும்புச் சிலுவை: உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை, அடியில் வந்தவர்கள் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட கற்குவியல். ஒரு கல் எடுத்துப் போங்கள். வியாஃபிராங்கா ஊரில் சந்தியாகப்பர் கோவிலின் ‘மன்னிப்பின் வாசலை’ப் பாருங்கள். நோயால் மேற்கொண்டு நடக்க முடியாதவர்கள் அந்த வாசல்வரை வந்தாலே யாத்திரை முடித்த பலன் உண்டு என்று அந்தக் காலத்துத் திருச்சபை சொன்னது. அதற்கு மறுநாள் ஓ செப்ரெய்ரோ ஏற்றம், கடினம்தான். இவ்வளவும் சாரியாவுக்கு முன்னால் வருகிறது. சாரியாவைத் தொடும்போது உங்கள் கால் பழகியிருக்கும், மனசும் அடங்கியிருக்கும்.

மெசெத்தாவை விடச் சொல்ல எனக்கு மனசே இல்லை. மூன்றரை வாரம் கிடைத்தால் புர்கோஸிலிருந்து தொடங்குங்கள்.

பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அறுபது கிலோ ஆள் என்றால் ஆறு கிலோ, தண்ணீர் தனி. இரண்டு மாற்று உடை, தூங்கும் பை, மழைக்கோட்டு, போதும். ஷூவை வழக்கமாகப் போடுவதைவிட ஒரு அளவு பெரிதாக வாங்கி, இங்கேயே சில மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். காலையில் பாதம் முழுக்க வாஸ்லைன் தடவுங்கள். மத்தியானம் உட்காரும்போது சாக்ஸ் மாற்றுங்கள். எங்காவது சூடாக உறுத்தினால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். சைவம் என்றால் கொஞ்சம் சிரமம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ‘தோர்த்தியா’ என்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். கலீசியாவின் கீரை சூப்பில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சாலட்டில் கேட்காமலே சூரை மீன் போடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடைகளைச் சில மணி நேரம் அடைத்துவிடுவார்கள், ஞாயிறு பெரும்பாலும் முழுக்கவே அடைப்பு, அதனால் ரொட்டியும் பழமும் கையில் இருக்கட்டும். யாத்திரிகர் அட்டையைத் தொடங்கும் ஊரிலேயே வாங்கலாம். தங்கும் இடத்திலெல்லாம் அதில் முத்திரை வாங்குங்கள், கடைசி 100 கிலோமீட்டரில் நாளுக்கு இரண்டு.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். அப்புறம் ஒரு விஷயம்: சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் வருடம் அங்கே புனித ஆண்டு. பேராலயத்தின் பின்பக்கப் புனித வாசலை வழக்கமாக அந்த ஆண்டில்தான் திறப்பார்கள். அடுத்தது 2027. அந்த வாசல் வழியாக நுழைய ஆசை இருந்தால் 2027 மே மாதத்துக்கே விசா வேலையைத் தொடங்குங்கள், சாரியாவுக்குப் பிந்தைய இரவுகளுக்கு மட்டும் கட்டில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அஸ்தோர்காவிலிருந்து சாரியா வரை காலையில் சீக்கிரம் கிளம்பினால் இடம் கிடைத்துவிடும்.