செக் நாட்டுக் கால்பந்து அணியான ஸ்லாவியா பிராக் ஐரோப்பியக் கோப்பை எதையும் வென்றதில்லையே, பிறகு ஏன் அந்த அணியைப் பெரிதாகப் பேசுகிறார்கள்?

கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம். வென்றிருக்கிறார்கள், 1938இல். அப்போது ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஎஃபா என்ற அமைப்பே கிடையாது, அது 1954இல்தான் வந்தது, அதனால் இன்றைய பட்டியல்களில் அந்த வெற்றி கண்ணில் படாது. மிட்ரோபா கோப்பை என்று பெயர். செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, இத்தாலி என நடு ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதிக்கொண்ட போட்டி அது. ஆஸ்திரிய அணிகளும் வழக்கமாக ஆடும், ஆனால் அந்த வருடம் மார்ச்சிலேயே ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டதால் அவர்கள் இல்லை. காலிறுதியில் அம்ப்ரோசியானாவை, அதாவது இன்றைய இன்டர் மிலானை, ஸ்லாவியா பிராக்கில் வைத்து 9-0 என்று அடித்தது. ஏதோ நோஞ்சான் அணி இல்லை, அந்த சீசனின் இத்தாலிய லீக் சாம்பியன்! வியன்னாவில் செக் பெற்றோருக்குப் பிறந்த யோசெஃப் பிட்சான் அந்தத் தொடரில் மட்டும் 10 கோல். இறுதிப் போட்டி இரண்டு ஆட்டம், ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷுடன் பிராக்கில் 2-2, செப்டம்பர் 11ஆம் தேதி புடாபெஸ்ட்டில் 2-0. கோப்பை வந்தது, அந்த மாதம் முடிவதற்குள் மியூனிக் ஒப்பந்தமும் வந்து நாட்டின் எல்லைப்பகுதியே ஹிட்லரிடம் பறிபோனது. அந்தக் கோப்பையை நினைத்தாலே எனக்கு இந்தத் தேதிகள்தான் முதலில் ஞாபகம் வரும்.

சரி, அதற்குப் பிறகு ஏன் ஒன்றும் இல்லை? ஐரோப்பிய சாம்பியன் கோப்பை 1955இல் தொடங்கியது, உள்நாட்டு லீக்கை வென்றவர்களுக்குத்தான் அதில் இடம். ஸ்லாவியா 1947இல் லீக்கை வென்றது, அடுத்து வென்றது 1996இல். நடுவில் 49 வருடம். 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும், மாணவர்கள் தொடங்கி, படித்தவர்களின் அணி என்று பேர் வாங்கியிருந்த இந்தக் கிளப் ஆட்சியாளர்களின் கண்ணுக்கு ஆகாமல் போனது. பெயரையே டைனமோ என்று மாற்றினார்கள், 1965இல்தான் ஸ்லாவியா என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் ராணுவ அணியான டுக்லா வளர்ந்து 1967இல் சாம்பியன் கோப்பையின் அரையிறுதி வரை போனது. கோப்பைகளை மட்டும் எண்ணி ஸ்லாவியாவை எடை போடுவதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு முதல் காரணம் இதுதான். பந்தயத்துக்கே விடாமல் வைத்திருந்த குதிரையிடம் பரிசு எங்கே என்று கேட்பது போல இருக்கிறது.

அப்புறம் 1995-96. என்னைக் கேட்டால் இந்தக் கிளப்பின் மிகச் சிறந்த ஐரோப்பிய சீசன் இதுதான். பயிற்சியாளர் ஃப்ரான்டிஷெக் சிப்ரோ, அணியில் கரேல் போபோர்ஸ்கி, விளாதிமிர் ஷ்மிட்சர், ராதெக் பெய்ப்ல், யான் சுகோபாரெக். யூஎஃபா கோப்பையில் (இன்றைய யூரோப்பா லீக்) ஃப்ரைபுர்க், லுகானோ, லான்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, காலிறுதியில் ரோமா. பிராக்கில் 2-0. மறு ஆட்டம் ரோமின் ஒலிம்பிக்கோ மைதானத்தில். 60ஆவது நிமிடம் வாக்கில் மொரியேரோ ஒரு கோல், 82இல் கேப்டன் ஜன்னினி இன்னொன்று, மொத்தக் கணக்கு 2-2, கூடுதல் நேரம். அதில் மொரியேரோ மறுபடி அடிக்க, 3-0. இப்போது ஸ்லாவியாவுக்குத் தேவை ஒரே ஒரு கோல், ஏனென்றால் மொத்தக் கணக்கு சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிதான் முன்னேறும் என்பது அப்போதைய விதி, மொத்தம் 3-3 ஆனால் அப்படி அடித்த கோல் ஸ்லாவியாவுக்குத்தான் இருக்கும். 113ஆவது நிமிடத்தில் யிரி வாவ்ரா அதை அடித்தார். மூன்று கோல் வாங்கித் தோற்ற அணி அரையிறுதிக்குப் போக, 3-1 என்று வென்ற ரோமா வெளியே போனது. அந்த விதி இப்போது இல்லை, 2021இல் எடுத்துவிட்டார்கள்.

அரையிறுதியில் போர்டோ அணி, பிரான்ஸின் போர்டோ. ஜிடான், டுகாரி, லிஸராசு மூவரும் அதில். இரண்டு ஆட்டமும் 0-1, கதை முடிந்தது. ஆனால் அந்த வருடமே 49 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் கிடைத்தது, கோடையில் நடந்த யூரோ 96 இறுதிப் போட்டி வரை போன செக் அணியில் இந்தப் பையன்கள் நாலு பேரும் இருந்தார்கள். பிறகு நடந்ததுதான் இன்னும் வலிக்கிறது. போபோர்ஸ்கி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, ஷ்மிட்சர் லான்ஸுக்கு, பெய்ப்ல் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு, சுகோபாரெக் ஸ்ட்ராஸ்பூர்குக்கு. ஒரே கோடையில் நாலு பேரும் போனார்கள், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்லாவியா சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர்ஸிடம் தோற்றது. வளர்த்த ஆட்களை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை, அன்றும் இன்றும்.

2007இல் அயாக்ஸை இரண்டு ஆட்டத்திலும் வென்று முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக் குரூப்புக்குப் போனார்கள். ஆர்சனலிடம் லண்டனில் 0-7. பலருக்கு இது மட்டும் ஞாபகம் இருக்கிறது, இரண்டே வாரத்தில் அதே ஆர்சனலை பிராக்கில் 0-0 என்று நிறுத்தியதை யாரும் சொல்வதில்லை.

இப்போதைய மரியாதைக்குக் காரணம் 2017 டிசம்பரில் வந்த பயிற்சியாளர் யிந்த்ரிக் டிர்பிஷோவ்ஸ்கி. அதற்கு முன்பே 2015இல் சீன முதலீடு வந்திருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணத்தில் பார்சிலோனாவின் கால் தூசுகூட வாங்க முடியாது, 2019இல் அந்த பார்சிலோனாவை கேம்ப் நோவிலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். கோல் கீப்பர் ஒந்த்ரெய் கோலார்ஷ் அன்று ஆடிய ஆட்டம் தனியாக ஒரு பதிலுக்கு உரியது. இன்டருடன் மிலானில் 1-1, அதுவும் கடைசி நிமிடங்களில் வாங்கிய கோல். டார்ட்மண்டும் இருந்த அந்த குரூப்பில் இரண்டே புள்ளியோடு கடைசி இடம்தான் கிடைத்தது, ஆனால் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாரும் சும்மா வந்துபோன அணி என்று சொல்ல மாட்டார்கள்.

2019, 2021 யூரோப்பா லீக், 2022 கான்ஃபரன்ஸ் லீக் (யூஎஃபாவின் மூன்றாம் நிலைப் போட்டி) என நாலு சீசனில் மூன்று முறை காலிறுதி, மூன்றிலும் தோல்வி: செல்சியிடம், ஆர்சனலிடம், ஃபெயனூர்டிடம். செல்சியுடன் லண்டனில் பாதி ஆட்டத்தில் 1-4 என்று இருந்ததை 3-4 வரை இழுத்து வந்தார்கள், அந்த செல்சிதான் அந்த வருடம் கோப்பையை எடுத்தது. 2021இல் லெஸ்டரையும் ரேஞ்சர்ஸையும் அவர்கள் ஊரிலேயே 2-0 என்று வென்றார்கள். ஆனால் அந்த ரேஞ்சர்ஸ் ஆட்டத்தில் நடந்ததற்காக ஒந்த்ரெய் கூடெலாவுக்கு, இனவெறி நடத்தை என்று சொல்லி, யூஎஃபா 10 ஆட்டத் தடை விதித்தது. பிடித்த அணி என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

இன்னொன்று. 2023 கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி ஸ்லாவியாவின் சொந்த மைதானமான ஏடனில் நடந்தது. வெஸ்ட் ஹாம் 2-1 என்று ஃபியோரெண்டினாவை வென்றது, வென்ற அணியில் தோமாஷ் சௌசெக்கும் விளாதிமிர் சௌஃபாலும் முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார்கள். இருவரும் ஸ்லாவியாவிலிருந்து போனவர்கள். தாங்கள் வருடக்கணக்காக ஆடிய புல்லிலேயே ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள், வேறு அணியின் சட்டையில்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 2019 மார்ச் 14, செவில்லாவுடன் ஆடிய யூரோப்பா லீக் ஆட்டம். நான் அதை நள்ளிரவு தாண்டி, வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து, போனில் பார்த்தேன். முதல் ஆட்டம் 2-2, இங்கும் 90 நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரத்தில் செவில்லா 3-2, உடனே வான் பியூரன் 3-3. அப்படியே முடிந்திருந்தால் எதிரணி மைதான கோல் கணக்கில் செவில்லாதான் போயிருக்கும். 119ஆவது நிமிடத்தில் இப்ராஹிம் த்ராவோரே அடித்தார். முழு ஆட்டமும் பார்க்க நேரம் இல்லையென்றால் கூடுதல் நேரத்தை மட்டுமாவது பாருங்கள்.