முதலில் தண்ணீர், பிறகு கத்தரிக்கோல்

கேள்வி: துவைக்காத ரா டெனிம் ஜீன்ஸ் வாங்கியிருக்கிறேன். கால் நீளம் மூன்று இஞ்ச் அதிகம். டெய்லரிடம் கொடுத்து வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். லேபிளில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துணியை ஆலையிலேயே சுருக்கிவிட்டார்கள். இனி 1 முதல் 3 சதவீதம்தான் சுருங்கும். சுருக்காத துணி 10 சதவீதம் வரை இழுத்துக்கொள்ளும். லீவைஸ் 501 ‘ஷ்ரிங்க் டு ஃபிட்’ இந்த ரகம். 35 இஞ்ச் காலில் 10 சதவீதம் என்றால் மூன்றரை இஞ்ச்! உங்கள் உபரி மொத்தமும் தண்ணீரிலேயே தீர்ந்துபோகலாம். முன்பே வெட்டியிருந்தால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

தறியில் விறைப்பாக இழுபட்ட பாவு நூல், அதாவது துணியின் நீளவாட்டில் ஓடும் நூல், ஈரம் பட்டதும் தளர்வதுதான் காரணம். இடுப்பு உடுத்த உடுத்த இளகிக்கொடுக்கும். போன நீளம் திரும்பாது.

உள்கால் நீளம், இடுப்பு, தொடை மூன்றையும் அளந்து எழுதிவையுங்கள். பட்டன்களைப் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். வாளியில் திணிக்காதீர்கள், விறைப்பான துணி மடிந்த இடமெல்லாம் வெளுத்த கோடு விழும், அது போகவே போகாது. அகலமான டப்பில் நீட்டிப் போட்டு, 45 நிமிடம் ஊறவிடுங்கள். சான்ஃபரைஸ்டு என்றால் வெதுவெதுப்பான நீர் போதும். சுருக்காத துணிக்கு 50, 60 டிகிரி சூடு வேண்டும். மிதந்தால் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை மேலே வையுங்கள். பிழியாமல், இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டி நிழலில் தொங்கவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் அளந்து, இன்னொருமுறை ஊறவையுங்கள். அளவு மாறாமல் நின்றால்தான் டெய்லரிடம் போக வேண்டும்.

ஷூ போட்டு நின்று குறியிடுங்கள். குறிக்குக் கீழே ஒரு இஞ்ச் விட்டு வெட்டினால் அரை இஞ்ச்சாக இரண்டு மடிப்பு வரும். ஊசி 16 அல்லது 18 நம்பர். பக்கத் தையல் மடிப்பில் சேரும் இடம் கல் மாதிரி தடித்திருக்கும். சுத்தியலால் தட்டித் தட்டையாக்காமல் ஓட்டினால் தையல் விட்டுப்போகும், ஊசியும் முறியும். இதை டெய்லரிடம் சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்குமா?

பதில்: நிற்காது. வெட்டிய துண்டிலிருந்து ஒரு நீல இழையை உருவி முறுக்கைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக இருக்கும். இண்டிகோ என்ற நீலச் சாயம் இழையின் மேல்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது, தேய்ந்தால் உதிரும். ரா டெனிமின் அழகே அந்தத் தேய்மானம்தான். சில மாதங்களுக்கு வெளிர்நிற சோபாவையும் வெள்ளைச் சட்டையையும் தள்ளிவையுங்கள்.

கேள்வி: ஊறவைத்த பிறகும் இடுப்பு இரண்டு இஞ்ச் பெரிது. பிடிக்கலாமா?

பதில்: ஒன்றரை இஞ்ச் வரை தாராளமாகப் பிடிக்கலாம். பின் நடுத் தையலையும் பட்டியையும் பிரித்துத்தான் பிடிக்க வேண்டும். பக்கத் தையலில் பிடித்தால் முன்பாக்கெட் வாய் கோணிப்போகும். இரண்டு இஞ்ச் போனால் பின்பாக்கெட்டுகள் நெருங்கி அசிங்கமாகத் தெரியும். மாற்ற முடிந்தால் ஒரு சைஸ் குறைத்து வாங்குவதே மேல்.