‘நான் யார்’ என்பது அங்கே பரீட்சைப் பாடம்: வாசகர் கேள்வி பதில்

பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் பிலிப்பினோ நண்பரைப் பற்றி எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டு, அந்நாட்டு இளைஞர்களோடு பழகிய வாசகர்கள் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் அந்தக் கடிதத்தின் பொருளோடு ஒட்டியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன். முதலில் கடிதத்தில் இருந்த கேள்வி.

மருத்துவ மாணவர், தாவோ: என்னோடு தங்கியிருக்கும் நண்பன் தன் 21-ஆவது பிறந்தநாளன்று ஃபேஸ்புக்கில் நீளமான ஒரு குறிப்பு எழுதினான். காலைக் காப்பி, தேர்வில் தோற்றது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் மேல் உள்ள கோபம், கடவுளுக்கு நன்றி, தான் யாரென்று தனக்கே இன்னும் தெரியவில்லை என்ற ஒப்புதல் எல்லாம் அதில் இருந்தன. அவனுடைய அம்மாவே அதற்கு இதயக் குறி போட்டிருந்தார். நான் இப்படி எழுதினால் மறுநாள் காலையில் சித்தப்பா தொலைபேசியில் அழைத்துவிடுவார். இவர்களுக்கு மட்டும் எப்படிக் கூசாமல் வருகிறது?

பதில்: இதற்குப் பிறவிக் குணத்தைவிடப் பள்ளிக்கூடம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பிலிப்பைன்ஸில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பள்ளிப் படிப்பு பத்தாண்டுகளோடு முடிந்துவிடும். பதினாறு வயதிலேயே பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அந்தச் சட்டம் இன்னும் இரண்டு ஆண்டுகளைக் கூட்டியபோது, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வகுக்கப்பட்ட அடிப்படைப் பாடங்களில் கணிதம், அறிவியலோடு ‘தன்மேம்பாடு’ என்பதும் ஒரு பாடமாயிற்று. உங்கள் நண்பர் அதைப் படித்துத் தேறியவராகவே இருப்பார். கல்லூரிக்கு வந்தாலும் விட்டபாடில்லை: 2018 முதல் நடைமுறைக்கு வந்த பொதுக்கல்வித் திட்டத்தில், பொறியியல் மாணவருக்கும் செவிலியர் மாணவிக்கும் ஒன்றுபோல, தன்னைப் புரிந்துகொள்வது பற்றிய ஒரு பாடம் கட்டாயம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘இதிலிருந்து உன்னைப் பற்றி என்ன அறிந்தாய்’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் வேறு. இத்தனை ஆண்டுகள் மதிப்பெண்ணுக்காக மனத்தைத் திறந்து எழுதியவருக்குப் பிறந்தநாளன்று எழுதக் கை கூசுமா?

இன்னொரு காரணம் தேவாலயம். மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர்களாக இருக்கும் அந்நாட்டில், திருச்சபை நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் படிப்பு முடியும் ஆண்டில் மாணவர்களை இரண்டு மூன்று நாள் தியானத்துக்கு அழைத்துப் போவதுண்டு. அங்கே, பெற்றோரிடம் முன்கூட்டியே ரகசியமாக எழுதி வாங்கிவைத்த கடிதங்களை அவரவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். நேரில் ஒருபோதும் சொல்லாததை அப்பா எழுத்தில் சொல்லியிருப்பார். அறை முழுவதும் விசும்பல் கேட்கும்.

உங்கள் நண்பரின் வயதினருக்கு இதில் ஒரு விசித்திரமும் நேர்ந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் நேரடி வகுப்புகள் முழு அளவில் திரும்பியது 2022 நவம்பரில்தான். மற்றவரோடு பழகித் தன்னை அறிய வேண்டிய பாடத்தை இவர்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து, அச்சடித்துக் கொடுத்த தாள்களை நிரப்பிப் படித்தார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு சந்தேகமும் உண்டு. மதிப்பெண் போடுகிறவர் ஒருவர் இருக்கும்போது, எல்லாத் தேடலும் கடைசிப் பத்தியில் ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்றுதான் முடியும். ஆனால், அம்மாவின் மேல் உள்ள கோபத்தை எழுதச் சொல்லி எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. உங்கள் நண்பரின் குறிப்பில் அந்த வரிதான் அவருடைய சொந்த வரி என்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: ஹொசே ரிசாலின் வாழ்க்கையையும் அங்கே எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டுமாமே. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தையவர் இன்றைய இளைஞனின் சுயதேடலுக்கு எவ்வகையில் உதவுவார்?

பதில்: ஆம், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். தேசிய வீரரான அவரை ஸ்பானிய ஆட்சி 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 35. ஆனால், மாணவர்கள் நெருக்கமாக உணரும் ரிசால் அந்த வீரர் அல்லர். 1882-இல், இருபது வயதில், பெற்றோரிடம் சொல்லாமல் ஸ்பெயினுக்குக் கப்பலேறிய பிள்ளை. மருத்துவமும் இலக்கியமும் பயின்று, பல மொழிகள் கற்று, ஐரோப்பிய நகரங்களில் தம்மைக் கண்டடைந்த அந்த இளைஞரின் கதை, சுயதேடல் என்றாலே ஊரைவிட்டுப் போவதுதான் என்ற எண்ணத்தை அங்கே ஆழமாக விதைத்திருக்கிறது.

அந்தப் பாடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அண்ணன் பாசியானோவின் பகுதியை. தம்பி புறப்படுவது அவருக்குத் தெரியும். வழிச்செலவுக்கு ஏற்பாடு செய்ததும், பிறகு மாதந்தோறும் பணம் அனுப்ப முயன்றதும் அவரே. பாதிரியார் பர்கோஸோடு நெருங்கியிருந்த பாசியானோ, 1872-இல் ஸ்பானிய ஆட்சி பர்கோஸைக் கலகக் குற்றம் சாட்டிக் கொன்ற பின் தம் படிப்பைத் தொடர முடியாமல் போய், சொந்த ஊரான கலாம்பாவில் குடும்பத்தின் குத்தகை நிலத்தில் கரும்பு விளைவித்துக்கொண்டிருந்தார். இன்றைய பிலிப்பினோ இளைஞர்களில் பலர் வகுப்பில் ரிசாலைப் படித்துவிட்டு வாழ்க்கையில் பாசியானோவாக இருக்கிறார்கள். அடுத்த கேள்வி அவர்களில் ஒருவரைப் பற்றியதே.

இல்லத்தரசி, சிங்கப்பூர்: எங்கள் வீட்டில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு 27 வயது. சம்பளத்தில் பெரும்பகுதி தம்பியின் கல்லூரிக்குப் போகிறது. அண்மையில், பேச்சுவாக்கில், “எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோய்விட்டது அக்கா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவர்களுக்குக் குடும்பத்தின் மேல் வெறுப்பு வராதா?

பதில்: பதில் சொல்லாமல் விட்டதே நல்லது, அவர் உங்களிடம் ஆறுதல் கேட்கவில்லை, கேட்கும் காதாக ஒருவர் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை பிலிப்பைன்ஸ் அரசே முறைப்படுத்தத் தொடங்கியது அதிபர் மார்க்கோஸின் ஆட்சியில் வந்த 1974-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில்தான். வேலையின்மைக்குத் தற்காலிக மருந்தாகக் கருதப்பட்ட அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. இப்படிப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இன்று ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 8 விழுக்காடு. அரசு இவர்களைப் ‘புதிய வீரர்கள்’ என்று புகழ்கிறது. வீரர் என்று பட்டம் கொடுத்துவிட்டால் அவர் களைத்துப்போயிருக்கிறேன் என்று சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது என்பதுதான் அந்தப் புகழ்ச்சியில் எனக்குள்ள குறை.

சட்டமும் குடும்பத்தின் பக்கமே நிற்கிறது. 1988-இல் நடப்புக்கு வந்த குடும்பச் சட்டத் தொகுப்பின்படி பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஆதரிக்கக் கடமைப்பட்டவர்கள். உடன்பிறந்தாருக்கும் அக்கடமை ஓரளவுக்கு உண்டு. தம்பி அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவரானால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்விக் கட்டணம் இருக்காது; ஆனாலும் தங்குமிடமும் சாப்பாடும் பேருந்தும் யார் கொடுப்பது?

வெறுப்பு வருமா என்றால், வரும். அது வந்துவிட்டதே என்ற குற்ற உணர்வும் கூடவே வரும். ‘நாங்கள் பெற்றோரின் ஓய்வூதியத் திட்டம் அல்ல’ என்று வெளிப்படையாக வாதிடும் தலைமுறை அங்கே உருவாகியிருக்கிறது. பெரியவர்கள் அதை நன்றிகெட்ட பேச்சு என்கிறார்கள். இரு தரப்பையும் கவனித்ததில், இளைஞர்கள் கொடுப்பதையே மறுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த நன்றிக்கடன் எந்த ஆண்டில் அடைபடும் என்று யாரும் சொல்வதில்லை, அதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். தம்பி முடித்தால் தங்கை, தங்கை முடித்தால் வீட்டுக் கூரை, கூரை முடிந்தால் அப்பாவின் சிறுநீரகம் என்று அது நீளும்போது ‘எனக்கு என்ன பிடிக்கும்’ என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் மறந்தே போகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவருடைய விடுப்பு நாளைக் குறைக்காமல் கொடுங்கள். ஞாயிறு மாலை வந்து சமைத்துவிடு என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசாவுக்குப் போய்ப் பணம் அனுப்பி, சிநேகிதிகளோடு ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, யாருக்கும் அக்காவாகவும் மகளாகவும் இல்லாமல் சில மணி நேரம் இருந்தால், பிடித்தது எதுவென்று நினைவுக்கு வரக்கூடும்.

வாசகி, ஈரோடு: அமெரிக்கா அரை நூற்றாண்டு ஆண்ட நாடாயிற்றே. பதினெட்டு வயதானதும் பிள்ளைகள் வீட்டைவிட்டுத் தனியே போய்விடுவார்களா?

பதில்: 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சி நடந்தது உண்மைதான்; கூடைப்பந்தாட்டமும் ஆங்கிலப் பள்ளியும் வந்தன, இந்தப் பழக்கம் மட்டும் வரவில்லை. பதினெட்டாவது பிறந்தநாளில் வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு ரோஜாக்களோடும் பதினெட்டு மெழுகுவத்திகளோடும் பெருவிழா எடுப்பார்கள். ரோஜா கொடுக்கும் ஆண்களோடு அவள் ஒவ்வொருவராக நடனமாடுவாள். மறுநாள் காலையில் அதே வீட்டில் அம்மா சொன்ன வேலையைச் செய்துகொண்டிருப்பாள். திருமணம் வரை பெற்றோரோடு இருப்பது அங்கே இயல்பு.

கணினித் துறை ஊழியர், மதுரை: மணிலாவில் வேலை பார்க்கும் இளைஞரின் அன்றாடம் எப்படி இருக்கும்?

பதில்: அவர் கால் சென்டரில் இருந்தால், அன்றாடம் சூரியன் மறைந்த பிறகுதான் தொடங்கும். இத்துறையில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். அழைப்பவர் அமெரிக்கர் என்பதால் அமெரிக்காவின் பகல் இவர்களுக்கு இரவு வேலை. ஊர் வேலைக்குக் கிளம்பும் காலையில் இவர் பூண்டு போட்டு வதக்கிய பழைய சோற்றையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார். பலருக்கு வாடகைக்குக் கிடைப்பது அறைகூட இல்லை. அறையில் ஒரு கட்டில் மட்டுமே. எட்சா நெடுஞ்சாலையின் நெரிசலில் பேருந்திலோ மின்ரயிலிலோ கழியும் நேரம்தான் யாரும் பேச்சுக் கொடுக்காத நேரம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் தன்னைப் பற்றி நாலு வரி எழுதுவது அப்போதுதான் நடக்கும். ஜீப்பை நீட்டிச் செய்த பொது வாகனமான ஜீப்னியில் ஏறினால் அதுவும் கலையும்: பின்பக்கம் ஏறியவரின் காசு ஒவ்வொருவர் கையாக ஓட்டுநரிடம் போய், சில்லறையும் அதே கைகள் வழியே திரும்ப வேண்டும்.

சம்பளம் மாதத்துக்கு இரு முறை, பெரும்பாலும் 15-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும். 1975-ஆம் ஆண்டு ஆணைப்படி டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளமும் உண்டு. அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள ஆண்டு முழுவதும் திட்டம் போட்டிருப்பார். கிறிஸ்துமஸ் காலையில், ஞானஸ்நானத்தில் இவர் ஞானப்பெற்றோராக நின்ற பிள்ளைகள் பரிசுப் பணத்துக்கு வரிசையாக வந்து நிற்பார்கள்.

வாசகர், துபாய்: எங்கள் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகள் வரவேற்பறையில் இருந்த பிலிப்பினோ தோழி, 30 வயதில், ஆசிரியர் உரிமத் தேர்வு எழுதப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டார். அங்கே ஆசிரியர் சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவு. இது அறிவுடைமைதானா?

பதில்: விலகல் கடிதம் கொடுத்தாகிவிட்டது என்பதால் என் அபிப்பிராயம் இனி அவருக்குப் பயன்படாது, உங்களுக்குப் புரியவைக்க மட்டும் முயல்கிறேன். பிலிப்பைன்ஸில் உரிமத் தேர்வு ஒரு வேலைக்கான வாயில் மட்டுமன்று. தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அரசு ஆணையம் வெளியிடும். பல ஊர்களில் தேறியவரின் படத்தோடு தெருவில் பதாகை கட்டுவார்கள். பெயருக்குப் பின்னால், உரிமம் பெற்ற ஆசிரியர் என்பதைக் குறிக்கும் LPT என்ற மூன்றெழுத்துச் சேர்ந்துகொள்ளும். ஏழு ஆண்டுகள் பிறர் வாசலில் புன்னகைத்து நின்றவருக்கு அந்த மூன்றெழுத்தின் விலையைச் சம்பளப் பட்டியலில் தேடக் கூடாது. தம்பி தங்கைகளின் படிப்பு முடிந்த பிறகு அவர் இதைச் செய்கிறார் என்றால், தம் முறை வரும்வரை காத்திருந்து கிளம்பியிருக்கிறார் என்று பொருள்.

அவருக்கு உதவ விரும்பினால் ஒன்றை மட்டும் கேளுங்கள். கல்வியியல் பட்டம் இல்லாமல் வேறு பட்டம் பெற்றவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான தேர்வை எழுத, கல்வியியல் பாடங்களில் 18 அலகுகள் (கிரெடிட்) முடித்திருக்க வேண்டும். அவர் அதை முடித்துவிட்டாரா, இனிமேல்தான் சேர வேண்டுமா என்பதைப் பொறுத்து, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்ற கணக்கு மாறும்.