மருந்து போட்டும் பேன் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: என் 8 வயது மகளுக்குத் தலை நிறையப் பேன். பெர்மெத்ரின் லோஷன் ஒருமுறை போட்டதும் குறைந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் சொறிகிறாள். மொட்டை அடித்துவிடலாமா? அதுவரை பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கவா?

பதில்: மொட்டை வேண்டாம். பள்ளிக்கும் தாராளமாக அனுப்புங்கள். தலைப்பேன் நோய் எதையும் பரப்பாது. சுத்தமான தலையிலும் வரும். பிள்ளையை நான்கு பேர் முன்னால் கூசவைப்பதுதான் உண்மையான கெடுதல்.

முதலில், சொறிவதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பேன் செத்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கும். மண்டையை விட்டுத் தள்ளி, முடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடுகள். உயிருள்ள ஈர் மண்டையை ஒட்டி, 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஊர்கிற பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் மறுபடி மருந்து.

அப்படிப் பட்டால், காரணம் பெரும்பாலும் நாள் கணக்குதான். பெர்மெத்ரின் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஈர் வைப்பதற்குள், முதல் முறை போட்டதிலிருந்து ஏறக்குறைய 9ஆம் நாள், இரண்டாம் முறை போட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கண்டிஷனர் இல்லாமல் ஷாம்பு போட்டு அலசி, துவட்டிய ஈரத்தலையில் தடவி, 10 நிமிடம் கழித்து அலசுங்கள். அடுத்த இரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

மருந்துக்குச் சமமாக நான் நம்புவது பேன் சீப்பை. மற்ற நாள்களில் ஈரமுடியில் கண்டிஷனர் பூசிச் சிக்கெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, மண்டையில் சீப்பு படும்படி வேரிலிருந்து நுனி வரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்: எள் அளவில் பழுப்பாக நெளிந்தால் அதுதான். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் வாருங்கள்.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். இருப்பவர்களுக்கு அன்றே மருந்து. பேன் தாவாது, பறக்காது. பெரும்பாலும் தலையும் தலையும் உரசும்போதுதான் ஏறும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறையை வெந்நீரில் துவைத்தாலே போதும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையும் தலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆபத்து.

இரண்டாம் முறைக்குப் பிறகும் பேன் ஊர்ந்தால், அந்த மருந்துக்கு அது பழகியிருக்கலாம். மூன்றாம் முறை நீங்களாகப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மாற்று மருந்து தருவார். சொறிந்த இடத்தில் சீழ் வைத்திருந்தால், அதற்குக் காத்திராமல் இன்றே போங்கள்.