தர்க்கம் இல்லாத கடைசிக் காட்சி

அண்ணனுக்கு வணக்கம்,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவோடு விசைப்படகில் போகிறவன். தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தான் கிடந்தது. அந்த நேரத்தில் மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிப் போர் வீடியோ கேமின் மூன்று பாகத்தையும், 2021இல் வந்த தொகுப்பில், விளையாடி முடித்தேன். முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பதெல்லாம் மூன்றாம் பாகம் வரை கூடவே வருகிறது. கடைசியில் ஒரு சின்னப் பையன் உருவம் வந்து சிவப்பு, நீலம், பச்சை என்று வழி காட்டுகிறது. அதில் ஒன்றை எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மனசே ஆறவில்லை. "ஒரு கேமுக்கா இப்படி?" என்கிறார் அப்பா. 2012இல் ரசிகர்கள் முடிவை மாற்றச் சொல்லிப் போராடினார்களாமே, அது நியாயமா? என் சித்தி மகன் வாங்கப்போகிறான். விளையாடச் சொல்லவா?

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. முதல் பாகம் 2007இல் வந்தது, மூன்றாவது 2012இல். அத்தனை வருஷம் காத்திருந்தவர்கள் எப்படி நொந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நாயகன் ஷெப்பர்ட் சாவதில் எனக்குக் குறையில்லை. என் மனத்தாங்கல் வேறு. ரன்னாக் கிரகத்தை நினைத்துப் பாருங்கள். குவேரியன்கள் என்ற இனத்தார் தாங்கள் படைத்த கெத் இயந்திரங்களோடு முந்நூறு வருஷப் பகையில் இருக்கிறார்கள். அங்கே சமாதானம் சும்மா கிடைக்காது. இரண்டாம் பாகத்திலேயே நம் கூட்டாளிகளான குவேரியப் பெண் டாலியும் கெத் இயந்திரமான லீஜனும் உயிரோடு தப்பியிருக்க வேண்டும், அவர்கள் சண்டையை நாம் தீர்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் சுடத் துடிக்கும் குவேரியன் விண்கப்பற்படையைப் பேசியே நிறுத்த வேண்டும். தன் இனத்துக்காக லீஜன் உயிரை விடும்போது டாலி பக்கத்தில் நிற்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துப்போன இடம் அது.

அதே ஆட்டத்தின் கடைசியில் அந்தப் பையன் உருவம் என்ன சொல்கிறது? படைக்கப்பட்ட இயந்திரம் படைத்தவனை எதிர்த்தே தீரும், அதனால்தான் விண்வெளி இனங்களுக்கு இந்த அழிவெல்லாம் என்கிறது. "ரன்னாக்கில் போய்ப் பார், இரண்டு பேரும் சேர்ந்து ஊரைக் கட்டுகிறார்கள்" என்று ஷெப்பர்ட் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்க வழியே வைக்கவில்லை.

நம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். வள்ளிக்குக் கல்யாணம் ஆகும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும் இடத்துக்காகச் சனம் தூங்காமல் உட்கார்ந்திருக்கும். அதை வெட்டிவிட்டுத் தாலி கட்டினால் மேடையை விடுவார்களா? ஷெப்பர்ட் மூன்று பாகமும் வாயாலேயே ஜெயித்த ஆள். அவனைக் கடைசியில் வெறுமனே தலையாட்ட வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போராட்டத்துக்கு வருகிறேன். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு ரசிகர்கள் 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். இந்த ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை. கடித்தால் எல்லாம் ஒரே ருசி, அந்த மூன்று முடிவையும் போல. இதைவிடத் தெளிவாக ஒரு விமர்சனத்தை எழுத முடியாது. இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவை மாற்றித் தா என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. கதை எழுதினவன் தவறட்டும், நாம் அதைத் தவறு என்று உரக்கச் சொல்வோம். பேனாவைப் பிடுங்க வேண்டாம்.

நிறுவனம் 2012 ஜூனில் முடிவுக் காட்சிக்கு இலவசமாக ஒரு நீட்டிப்பு விட்டது. உங்கள் தொகுப்பிலும் அது சேர்ந்தே இருக்கிறது. விளக்கம் கூடியது, எதையும் ஏற்க மாட்டேன் என்று சொல்லும் வழியும் வந்தது. ஆனால் மறுத்தால் எல்லோரும் அழிகிறார்கள். தர்க்கம் அப்போதும் வரவில்லை.

சித்தி மகனைத் தாராளமாக விளையாடச் சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தில் டாலியும் லீஜனும் ஷெப்பர்டின் விண்கப்பலில் மோதிக்கொள்ளும்போது அவசரப்பட்டு ஒருத்தர் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ரன்னாக்குக்குப் போகும்போது அவனுக்கு அது கை கொடுக்கும்.