அடிலெய்டில் படிப்பும் வேலையும்: கேள்வி பதில்

முதுநிலைப் படிப்புக்கு அடிலெய்டில் இடம் கிடைத்துள்ளது. சிட்னி, மெல்பர்னைவிட இங்கே பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) எளிது என்கிறார்களே? (மதுரை மாணவி)

குடிவரவு விதிகளின்படி அடிலெய்டு உட்படத் தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் பிராந்தியப் பகுதியாகும். மாநில அரசு பரிந்துரைத்தால், திறன்பணியாளர் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் 491 எனும் தற்காலிக பிராந்திய விசாவுக்கு 15 புள்ளிகளும், 190 எனும் நிரந்தர விசாவுக்கு 5 புள்ளிகளும் கூடுதலாகக் கிடைக்கும். 491 ஐந்தாண்டு விசா. மூன்றாண்டுகள் பிராந்தியப் பகுதியில் வாழ்ந்து, வருமான வரி மதிப்பீடுகளையும் காட்டினால், நிரந்தர வதிவிடம் தரும் 191 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பரிந்துரைக்கான தொழில்களும் இடங்களும் ஆண்டுதோறும் மாறுவதால், பி.ஆர். உறுதி என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவரை நம்பாதீர்கள்.

உணவகம் ஒன்றில் மணிக்கு 15 டாலர், ரொக்கமாகத் தருகிறார்கள். புகார் செய்தால் விசா போய்விடும் என்று உரிமையாளர் மிரட்டுகிறார். (முதலாமாண்டு மாணவர்)

உங்கள் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் இல்லை. 2025 ஜூலையில் தேசிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. நிரந்தரமில்லாத, தேவைக்கேற்ப அழைக்கப்படும் கேஷுவல் பணியாளருக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேரும். நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் இச்சட்டம் பொருந்தும். ரொக்கமாகத் தருவது குற்றமல்ல. ஆனால் ரொக்கம் தந்தாலும் சம்பளச் சீட்டு தரவேண்டும், வரி பிடிக்கவேண்டும், சூப்பர் எனும் ஓய்வுக்கால நிதியும் கட்டவேண்டும். இவற்றை மறைக்கும் இடத்தில்தான் ஊதியமும் களவு போகிறது, அதற்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளாக இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வேலைக்குப் போன நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாங்கிய தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள். ஷிஃப்ட் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஊதிய, பணிச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம். கல்லூரி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற மாணவர் விசா வரம்பை மட்டும் நீங்கள் மீறாதீர்கள். மிரட்டுபவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான்.

வாடகை வீட்டுக்கு எவ்வளவு முன்பணம் கேட்பார்கள்?

வாரவாடகை 800 டாலர் வரை இருந்தால் நான்கு வார வாடகைக்கு மேல் பாண்ட் எனும் முன்பணம் கேட்க முடியாது. அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் அல்ல, மாநில அரசின் நுகர்வோர் துறையிடம் இருக்கும். ஆகவே வைப்புக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளிலேயே கம்பளத்தின் கறை, ஓவன் அடுப்பின் உட்புறம், ஜன்னல் திரையின் அறுந்த கயிறு என அனைத்தையும் படமெடுத்து, ஆய்வுத் தாளிலும் குறித்துவிடுங்கள். காலிசெய்யும்போது பாண்ட் பிடித்தம் பற்றிய தகராறு பெரும்பாலும் இவற்றில்தான் எழுகிறது.

போக்குவரத்துச் செலவு அதிகமா?

நகரமையத்துக்குள் டிராம் இலவசம். முழுநேரப் பன்னாட்டு மாணவர்களுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு.

என் மனைவி வேலூரில் செவிலியர். என்னோடு வந்த உடனே மருத்துவமனையில் சேர முடியுமா?

உடனே முடியாது, மருத்துவப் பணியாளர்களைப் பதிவுசெய்யும் ஆப்ரா அமைப்பில் பதிவுசெய்த பின்னரே செவிலியராகப் பணியாற்றலாம். இந்தியாவில் பயின்றவர்கள் பொதுவாக என்கிளெக்ஸ் எனும் கணினிவழிச் செவிலியர் தேர்வையும், அதன்பின் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வையும் கடக்கவேண்டியிருக்கும். என்கிளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம். ஆஸ்கி அடிலெய்டிலேயே நடக்கிறது என்பது உங்களுக்கு வசதி. ஆகவே ஆங்கிலத் தேர்வையும் என்கிளெக்ஸையும் புறப்படுமுன் முடித்துவிட்டு, பணி அனுபவச் சான்றுகளையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.